முக்கோண வண்டியும் அம்மாவின் ஒரு நாளும்

எங்கள் வீட்டுக்கு வேன் வந்த அன்று ஊரில் பாதி ஆண்கள் கருவக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சிவப்பு முக்கோணம் தலைகீழாக நின்றது. அதன் கீழே ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று கொட்டை எழுத்து. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காக ஊர் ஊராகப் படம் காட்டித் திரிந்த சர்க்கார் வண்டி அது. வயதாகிப்போய் ராமநாதபுரத்தில் ஏலத்துக்கு வந்திருந்தது. பழைய டிராக்டர் ஒன்று எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிய எங்கள் அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), திரும்பும்போது இதை ஓட்டிக்கொண்டு வந்தார்.

பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயந்து ஓடியவர்கள், இறங்கியது எங்கள் அய்யாதான் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் முதலில் முக்கோணத்தைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் நின்ற பிள்ளைகள் எங்கள் நான்கு பேரையும் பார்த்தார்கள். “நமக்கு இருவருன்னு எழுதியிருக்கே மாப்ள, மிச்ச ரெண்டையும் என்ன செய்யப் போறீரு?” என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். எனக்கு மூத்தவை இரண்டு. மூன்றாவதாகப் பிறந்த பெண் நான். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பரமக்குடிக்குத் தெற்கே, கண்மாயை நம்பி நெல்லும் வானத்தை நம்பி மிளகாயும் போடுகிற ஊர் எங்களுடையது. டிராக்டர்கூட இல்லாத வெள்ளாமைச் சம்சாரிக்கு வேன் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அய்யா எல்லோரையும் கூப்பிட்டு உள்ளே காட்டினார். இரண்டு பக்கமும் நீளப் பெட்டி வைத்த பெஞ்சுகள். நடுவில் பலகையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கட்டிலாகிவிடும். படம் காட்ட வந்த ஆட்கள் அதில்தான் படுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தகரத்தைப் பெட்டிக்கடைக் கதவு மாதிரி மேலே தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தலாம். ஒலிபெருக்கி இருந்த இடத்தில் மூட்டை கட்டலாம். “இது வண்டி இல்லப்பா, வீடு. எங்கன போனாலும் வீட்டையே கூட்டிக்கிட்டுப் போகலாம்” என்றார்.

“அதான் பயமா இருக்கு” என்றாள் அம்மா.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா மூத்த மருமகள். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டுக்குள் கால் வைத்தால், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குத் தவம் கிடக்கிற சீமை இது. அதனாலேயே அந்த ஒரு மரியாதையில் குறை வைத்தால் நாலு ஊருக்குப் பேசுவார்கள். தண்ணீருக்குப் பிறகு காப்பி, காப்பிக்குப் பிறகு சோறு. வந்தவர்கள்தான் இப்படி என்றில்லை. கையை நீட்டினால் பானையைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அய்யா கொல்லையில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பார்.

முதல் பயணம் எங்கே போகலாம் என்று அய்யா பெரிய மனது பண்ணிக் கேட்டபோது அம்மா இடத்தைச் சொல்லவில்லை. “எனக்கு ஒரே ஒரு நாளு வேணும். விடிஞ்சதுலருந்து பொழுதடையிற வரைக்கும் நான் அடுப்புப் பத்த வைக்கக் கூடாது. ஒருத்தரும் என்கிட்ட தண்ணி கேக்கக் கூடாது. கடலப் பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான்” என்றாள்.

“ப்பூ, இம்புட்டுத்தானா! அதுக்குத்தான வண்டியே வாங்கியிருக்கேன்” என்றார் அய்யா.

சொன்ன கையோடு பரமக்குடிக்குப் போனார். இரண்டு திரி ஸ்டவ் ஒன்றும், குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்றும் வாங்கிவந்து, வண்டியின் பின்பக்கம் பலகை அடித்துப் பொருத்தினார். சட்டி உருளாமல் இருக்கக் கம்பி வளையம்கூடப் போட்டார். அம்மாவைக் கூப்பிட்டு, “கடக்கரையில நின்னுக்கிட்டே சமைக்கலாம். குழாயத் திருகுனாத் தண்ணி. ஒனக்காகத்தான் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன்” என்றார். அம்மா அந்த ஸ்டவ்வைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ‘நல்லாருக்கு’வை அய்யா பல வருஷம் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் உப்பூர்ப் பிள்ளையாரைப் பார்க்கப் போனோம். வழியில் ஒரு ஊரில் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டினோம். நாங்கள் இறங்குவதற்குள் டீக்கடை பெஞ்சு காலி. கரண்டியைப் பால் சட்டியிலேயே விட்டுவிட்டுக் கடைக்காரரும் பின்பக்கமாகப் போய்விட்டார். “ஏலே, வாங்கடா, நாங்க சாமி கும்பிடப் போறவுக!” என்று அய்யா கத்திப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்திருந்த ஒரு பெண் மட்டும் அம்மாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “மாத்திர கொண்டாந்திருக்கீகளா?” என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் தம்பியைப் பார்த்தாள். “எனக்கே யாரும் குடுக்கலத்தா” என்றாள்.

அய்யா ரேடியேட்டரைப் பார்ப்பதுபோல வண்டிக்கு முன்னால் குனிந்துகொண்டார். அம்மா இப்படியெல்லாம் பேசுவாள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. வீட்டில் அவள் பேச நேரமே இருந்ததில்லை. வண்டியில் ஏறினால்தான் அவளுக்கு வாய் வந்தது.

சொந்தக்காரர்கள் யாரும் அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். தீர்ப்புச் சொன்னது எங்கள் அத்தை, அய்யாவின் அக்கா. இரண்டு வீடு தள்ளி மகன் வீட்டில் இருந்தாலும், பகல் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருப்பாள். “அதுல ஏறுனா வயிறு தெறக்காது. எம்புட்டுப் பொம்பளைகளக் கொண்டுபோயி என்னென்ன செஞ்ச வண்டியோ. அந்தத் தோசம் பெஞ்சுலயே ஊறிப்போயிக் கெடக்கும்” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மாமியார்கள் மருமகள்களை விடவில்லை. தாய்மார்கள் கல்யாணத்துக்கு நின்ற பெண்களை விடவில்லை. பெண்கள் வராத இடத்துக்கு ஆண்கள் தனியாக வந்து என்ன செய்வார்கள்? இரண்டு வருஷம் அந்த வண்டியில் நாங்கள் ஆறு பேர் மட்டுமே போனோம்.

அப்படியானால் அந்த இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு அவள் கேட்ட நாள் கிடைத்திருக்க வேண்டும். ஒருமுறை கிட்டத்தட்டக் கிடைக்கவும் செய்தது. தேவிபட்டினத்தில் காலையிலேயே போய் இறங்கினோம். கடலுக்குள் நிற்கிற ஒன்பது நவக்கிரகக் கல்லையும் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அய்யா வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தித் தகரக் கதவைத் தூக்கிவிட்டார். அம்மா பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கடல் அன்றைக்குக் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. “யாரும் என்னியக் கூப்பிடாதீக” என்றாள்.

தம்பி கேட்டான்: “அம்மா, தண்ணி.” அவன் குடித்து முடிப்பதற்குள் அண்ணனுக்குப் பசித்தது. அக்காவுக்குக் காலில் சிப்பி குத்தியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போது தாகம் இல்லை. கடைசியாக டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு அய்யா குரல் கொடுத்தார்: “ஏ புள்ள, இந்தக் குழாய எந்தப் பக்கம் திருகணும்?” தன் கையால் மாட்டிய குழாய் அது. அம்மா எழுந்துவந்து குழாயைத் திருகினாள். அப்படியே ஸ்டவ்வையும் பற்ற வைத்தாள். “இன்னைக்குப் போகட்டும், அடுத்த தடவ பாப்போம்” என்றார் அய்யா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அடுத்த தடவைக்கு நிலைமை மாறிவிட்டது. காரணம் எங்கள் சித்தி. அய்யாவின் தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஒரு மழை நாளில் காய்ச்சல் ஏறிப் பினாத்த ஆரம்பித்துவிட்டாள். பஸ் வரவில்லை, மாட்டுவண்டியில் போனால் நேரமாகிவிடும். வேறு வழியில்லாமல் அத்தையே கைத்தாங்கலாகச் சித்தியை முக்கோண வண்டியில் ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பரமக்குடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியது. அதற்கு அடுத்த வருஷம் சித்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. இரண்டும் ஆண்.

அத்தை கொஞ்சமும் அசரவில்லை. தீர்ப்பை அப்படியே புரட்டிப் போட்டாள். “செவப்பு நெறம். கூம்பு கீழ பாத்து நிக்குது. ஆத்தா கோயில்ல சக்கரத்துல இதே முக்கோணத்தப் பாத்ததில்லையா நீங்க? சர்க்கார்ல எவனோ விசயம் தெரிஞ்சவந்தான் வரைஞ்சிருக்கான்” என்றாள். மறுநாள் விடிந்து பார்த்தபோது இரண்டு முக்கோணத்திலும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. ‘நமக்கு இருவர்’ என்பதையும் அவர்கள் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். எவளுக்குப் பிள்ளை தள்ளிப்போகிறதோ அவளை அவள் மாமியாரே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். அந்தப் பிரச்சாரத்துக்குச் சர்க்கார் செய்த செலவையெல்லாம் எங்கள் அத்தை ஒரே வாரத்தில் வீணாக்கிவிட்டாள்.

அதன்பிறகு நாங்கள் ஆறு பேராக எங்கும் போனதில்லை. அய்யா தந்திரம் செய்து பார்த்தார். கிளம்புகிறவர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, சகுனம் கெட்டுவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் கேட்க முடியாதல்லவா, சத்தமில்லாமல் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். போய்ப் பார்த்தால் அத்தையும் சித்தப்பாவும் சித்தியும் இன்னும் நாலு பேரும் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே என்று ஒருவர்கூடக் கேட்க மாட்டார்கள். சகுனத்தில் அத்தனை கண்டிப்பு. வண்டி திருப்புல்லாணி போகிறதா, தேவிபட்டினம் போகிறதா என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும்.

அவர்களை இறக்கிவிடவும் முடியாது. அதற்குள் வண்டிக்கு செல்ஃப் எடுக்காமல் போயிருந்தது, தள்ளினால்தான் கிளம்பும். “நாங்க இல்லாட்டி யாரு தள்ளுவா?” என்பார் சித்தப்பா. நியாயம்தான். தள்ளிவிட்டு ஓடிவந்து ஏறியவர்களுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் தாகம் எடுக்கும். அம்மா டிரம் பக்கத்தில் செம்போடு நிற்பாள். போகிற இடத்தில் பத்துப் பேருக்கு, சமயத்தில் பதினைந்து பேருக்கு, அந்த இரண்டு திரி ஸ்டவ்வில் சோறு, குழம்பு, ரசம். சாப்பிட்டு முடித்ததும் அத்தை மணலில் சாய்ந்துகொண்டு, “ஏத்தா, ஒரு வாய் தண்ணி” என்பாள். திரும்பி வரும்போது அய்யா ஒவ்வொரு முறையும் தவறாமல் ‘அடுத்த தடவ’யைச் சொல்வார். அம்மாவும் தவறாமல் “ம்” என்பாள். அந்த “ம்” வரவரச் சின்னதாகிக்கொண்டே போனதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு கோடையில் அய்யாவின் காலில் மிளகாய் மூட்டை விழுந்து பாதம் வீங்கிவிட்டது. காட்டில் காய்ந்த வற்றலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அய்யா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வறண்டு கிடந்த கண்மாய்க்குள் அம்மா வண்டியை ஓட்டினாள். கண்மாய்க்குள் இடிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றாலும் முதல் நாள் ஒரு கருவ மரத்தைத் தேடிப் போய் இடித்தாள். ஒரு வாரத்தில் கியர் அவள் கைக்குப் பழகிவிட்டது. கால் சரியானதும் அய்யா சாவியை வாங்கிக்கொண்டார். “கம்மாய்க்குள்ள சரிதான். ரோட்டுல பொம்பள ஓட்டுனா சனம் சிரிக்கும்” என்றார். அம்மா சாவியைக் கொடுத்தாள்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்தது. அதுவரை மண்டபத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறித்தான் ராமேஸ்வரம் போவோம். இப்போது வண்டியே போகலாம். தை மாதம் ஒரு நாள், இரட்டைப் பிள்ளைகளைத் தீர்த்தம் ஆட்ட வேண்டும் என்று அத்தை சொல்ல, விடிகாலையில் கிளம்பினோம். பன்னிரண்டு பேர். பாலத்தின் நடுவில் அய்யா வண்டியை நிறுத்தினார். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை. எல்லோரும் இறங்கி, கீழே ரயில் பாலத்தையும் இரண்டு பக்கத்துக் கடலையும் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா இறங்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

ராமேஸ்வரத்தில் சங்குக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டலில் வண்டி நின்றது. கடலில் முழுகி, அந்த ஈரத்தோடு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வர எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். “வண்டியில சாமான் கெடக்கு, நீ பாத்துக்க. நாங்க வாரதுக்குள்ள சோத்த வடிச்சிரு” என்றாள் அத்தை. ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி, “முழுகுறதுக்கு முன்னால ஒரு வாய் தண்ணி குடு” என்றாள். அம்மா கொடுத்தாள். அய்யா சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவ நீ முழுகலாம்” என்றார்.

ஒவ்வொரு கிணற்றிலும் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினார்கள். இரட்டைப் பிள்ளைகள் போட்ட கூச்சல் பிரகாரம் முழுக்க எதிரொலித்தது. எல்லாம் முடிந்து, சொட்டச் சொட்ட, பல்லெல்லாம் கிடுகிடுக்க, அகோரப் பசியோடு பொட்டலுக்கு வந்தோம்.

“வண்டியக் காணோம்!” என்று அய்யா அலறினார். கொஞ்ச நேரம் கழித்து, “அவளையும் காணோம்” என்றார்.

வண்டி நின்ற இடத்தில், மணலில், ஸ்டவ் இருந்தது. பலகையிலிருந்து கழற்றிய டிரம் இருந்தது. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், கரைத்த புளி, அரிவாள்மனை, தீப்பெட்டி எல்லாம் இருந்தன. எங்கள் காய்ந்த துணிகளை மூட்டையாகக் கட்டி டிரம் பக்கத்தில் வைத்திருந்தாள். டிரம் மேல் செம்பு. சமையலுக்கு வேண்டியதில் சமைக்கிறவளைத் தவிர ஒன்றுகூடக் குறையவில்லை.

சங்குக் கடைக்காரர்தான் விவரம் சொன்னார். நாங்கள் போன கொஞ்ச நேரத்திலேயே அந்தம்மா சாமானையெல்லாம் இறக்கி வைத்தார்களாம். பிறகு அந்தப் பக்கமாக வந்த வடநாட்டு யாத்ரீகர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்களாம். “அவுக பாஷ இந்தம்மாவுக்குத் தெரியாது, இந்தம்மா பாஷ அவுகளுக்குத் தெரியாது. ஆனா தள்ளுறதுக்கு என்ன பாஷ? பத்துப் பேரு சேந்து சாமி பேரச் சொல்லித் தள்ளி விட்டாக. அந்தம்மா கும்புடு போட்டுட்டு, தனுஷ்கோடி ரோட்டப் பாத்துப் போயிருச்சு” என்றார்.

அய்யாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. கோபம் வந்தது, பயம் வந்தது, ரோட்டில் லாரி வருமே என்றார், லைசென்ஸ் இல்லையே என்றார். “கம்மாய்க்குள்ள ஓட்டுனவ ரோட்டுல எப்படி ஓட்டுவா?” என்று சங்குக் கடைக்காரரிடம் கேட்டார். “நல்லாத்தான் ஓட்டுச்சு” என்றார் அவர். சனம் சிரித்ததா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஈரத் துணியோடு அடி வாங்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

பசி பொறுக்கவில்லை. எல்லோரும் முதலில் அக்காவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அக்கா துணி மாற்ற மறைவு தேடிப் போனாள். நான் தலை துவட்டுவதில் மும்முரமாகிவிட்டேன். சித்தியின் இரண்டு கையிலும் ஒவ்வொரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டவ் வரை போனாள். டிரம்மையும் செம்பையும் வெகுநேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் தொட மாட்டேன் தம்பி. அவ ஒனக்குத்தான வச்சிட்டுப் போயிருக்கா, நீயே பாரு” என்றாள்.

அய்யாவும் சித்தப்பாவும் சமைத்தார்கள். ஸ்டவ்வைப் பற்ற வைக்கவே அரைத் தீப்பெட்டி ஆனது. கத்தரிக்காயைக் காம்போடு போட்டார்கள். சோறு மேலே அரிசியாகவும் கீழே கரியாகவும் இருந்தது. இடையிடையே ஒவ்வொருவராகத் தண்ணீர் கேட்டோம். அம்மாவிடம் கேட்டுப் பழகிய வாய். அடுப்புப் பக்கம் நிற்பது யாராக இருந்தாலும் கேட்டுவிடுகிறது. அய்யா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிஓடிக் கொடுத்தார். கடைசியில் அத்தை கேட்டபோது, “ஏன்க்கா, கையெட்டுற தூரத்துலதான இருக்கு, மோந்து குடிக்க வேண்டியதுதான?” என்று சீறினார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் திகைத்துப்போய் நின்றார்.

பொழுது சாயும்போது ஹாரன் கேட்டது. முக்கோண வண்டி ஆடி அசைந்து பொட்டலுக்குள் வந்தது. நாலு சக்கரத்திலும் வெள்ளை மணல். அம்மா இறங்கினாள். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் பெஞ்சுப் பலகையின் தடம் பதிந்திருந்தது. மத்தியானம் முழுக்க அய்யா என்னென்ன திட்ட வேண்டும் என்று எங்களிடம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா மணலில் உட்கார்ந்து, “பசிக்குது. என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

அம்மா பசிக்கிறது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். அவளுக்கும் பசி என்று ஒன்று உண்டு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அய்யாவுக்கும் தோன்றியிருக்காது. அவர் தட்டை எடுத்து, கரி இல்லாத பக்கமாகப் பார்த்துச் சோறு அள்ளி வைத்தார்.

“உப்புப் பத்தல” என்றாள் அம்மா. பிறகு, “இன்னுங் கொஞ்சம் வைங்க” என்றாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. நகர்ந்து நகர்ந்து அம்மா பக்கத்தில் வந்து, “எங்கன போன? எந்தக் கடலப் பாத்த? அலையடிக்கிற ஆண் கடலா, அசையாத பெண் கடலா?” என்றாள்.

“ரெண்டும் அங்கனதான் இருந்துச்சு மதினி. தனுஷ்கோடி போற வழியில மூணாஞ் சத்திரத்துல வண்டிய நிப்பாட்டிட்டுக் கதவத் தூக்குனேன். காத்து வந்துச்சு. அந்தப் பெஞ்சுல லேசாச் சாஞ்சேன். அம்புட்டுத்தான் தெரியும். கண்ணு முழிச்சப்ப பொழுது எறங்கிருச்சு. வலைக்காரவுகளக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லிட்டு வந்துட்டேன்.” வருத்தமே இல்லாமல் சொன்னாள். அத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறாள்.

திரும்பும்போது வண்டியில் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. சித்தப்பாகூடக் கேட்கவில்லை. டிரம் பக்கத்துப் பெஞ்சில் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள், எதிரில் நான். பாலம் தாண்டியதும் அத்தை அம்மாவின் காதுப் பக்கம் குனிந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. வண்டி முழுக்கக் கேட்டது.

“நானும் பதினாலு வயசுல அடுப்புக்கிட்ட ஒக்காந்தவதான். அடுத்த தடவ போகையில என்னியும் ஏத்திக்க.”

“தண்ணி கேப்பீகளே மதினி.”

“கேக்க மாட்டேன். நானே சொம்புல கொண்டாந்துருவேன்.”

அம்மா யோசித்தாள். “தூங்கையில பேச்சுக் குடுக்கக் கூடாது” என்றாள். அத்தை தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் விடிந்தும் விடியாமல் வண்டி வாசலில் நின்றது. டிரம்மும் ஸ்டவ்வும் கழற்றி வீட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தன. அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் அத்தை, மடியில் செம்பு. எங்கே போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அய்யாவும் சித்தப்பாவும் பின்னால் கையைக் கொடுத்துத் தள்ளினார்கள். ரோட்டில் எதிரே வந்த இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அய்யா அவர்களையும் தள்ளக் கூப்பிட்டார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டதும் நான் ஓடிப்போய்ப் பின்கதவுக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் நான்தானே அம்மா கட்சி? எல்லாவற்றையும் கவனித்தவள் நான்தானே? “நானும் வாரேம்மா” என்றேன், உரிமையோடு.

அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. “நீ வந்தா தண்ணி கேப்ப தாயி. எறங்கு” என்றாள்.

வண்டி மெதுவாகப் போகும்போதே குதித்து இறங்கினேன். ரோஷத்தில் காது சுட்டது. முக்கோணம் கண்மாய்க் கரை ஏறித் திரும்பி மறைகிற வரை நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தேன். கட்டிலில் படுத்திருந்த அண்ணன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், “யாரு அது? ஒரு செம்பு தண்ணி கொண்டா” என்றான்.